கன்னி மூலையிலிருந்து ஈசானிய மூலைக்கு: 30×40 மொட்டை மாடியில் ஒன்றரை அலைநீள டைபோல்

அமெச்சூர் ரேடியோவுக்குப் (ஹாம்) புதிதாக வந்து, கால் சைன் என்னும் நிலைய அடையாளப் பெயர் வாங்கியவர்கள், நடுவில் கேபிள் சேர்த்த நேர்க்கம்பி ஆன்டெனாவான டைபோலைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: கம்பியை இன்னும் நீளமாக விட்டால் கெயின், அதாவது ஒரு திசையில் சிக்னல் குவியும் அளவு, கூடுமா? கூடும். ஆனால் ஓர் அளவைத் தாண்டி நேராக நீட்டிக்கொண்டே போனால் குறையும், அதுவும் நமக்கு வேண்டிய திசையிலேயே குறையும். அந்தக் கட்டத்தில் கம்பியை வளைக்கத் தெரிந்தால் போன கெயின் திரும்பி வரும். செலவு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கயிறு, அளவு நாடா, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட ஒரு ஆள். அவ்வளவு போதும்.

பெங்களூரில் ராமமூர்த்தி நகர்ப் பக்கம் எங்கள் வீடு. வழக்கமான 30×40 அடி சைட், கிழக்குப் பார்த்த வாசல். 10 மீட்டர் பேண்டில், அதாவது 28 மெகாஹெர்ட்ஸ் பக்கம், அரை அலைநீள டைபோல் ஒன்றை, அதாவது 5 மீட்டர் கம்பியை, வைத்து ஐரோப்பா வரை பேசிக்கொண்டிருந்தேன். நீளமாக்கினால் நல்லது என்று நினைத்து மூன்று மடங்கு நீளத்தில் 15.6 மீட்டர் கம்பி வெட்டினேன். மாடியின் மூலைக்கு மூலை அளந்தால் 15.2 மீட்டர்தான் வந்தது. பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டு, அவர்கள் மாடித் தூணில் ஒரு முனையைக் கட்டினேன். கேபிளும் ஆன்டெனாவும் எவ்வளவு பொருந்துகின்றன என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் (1 என்றால் முழுப் பொருத்தம்) பரவாயில்லாமல் இருந்தது. அன்று மாலை ஐரோப்பிய நிலையங்கள் பழைய டைபோலில் கேட்டதைவிட மெலிதாகக் கேட்டன. மூன்று நாள் கனெக்டர்களைக் கழற்றிக் கழற்றிச் சாலிடரைச் சோதித்தேன். சாலிடரில் ஒரு குறையும் இல்லை. குறை வடிவத்தில் இருந்தது.

நேரான கம்பியில் என்ன நடக்கிறது

ஒன்றரை அலைநீளக் கம்பியை மூன்று அரை அலைநீளத் துண்டுகளாக நினைத்துக்கொள்ளுங்கள். நடுத்துண்டில் மின்னோட்டம் இடமிருந்து வலமாக ஓடும் அதே நொடியில், இரண்டு ஓரத்துண்டுகளிலும் அது வலமிருந்து இடமாக ஓடுகிறது. நின்றுபோன வண்டியை மூன்று பேர் தள்ளும்போது நடுவில் நிற்பவர் மட்டும் பின்னால் இழுப்பதைப் போல. கம்பிக்குச் செங்குத்தான திசையில் மிஞ்சுவது ஒருவருடைய பலம்தான்.

கணக்கில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். வெற்றிடத்தில் அரை அலைநீள டைபோலின் கெயின் 2.15 டிபிஐ (எல்லாத் திசைக்கும் சமமாகப் பரப்பும் கற்பனை ஆன்டெனாவோடு ஒப்பிட்ட டெசிபெல்). நேரான ஒன்றரை அலைநீள டைபோலின் செங்குத்துத் திசைக் கெயின் சுமார் அரை டிபிஐதான். அந்தத் திசையிலிருந்து இரு பக்கமும் 20 டிகிரி நகர்ந்தால் ஏறக்குறைய ஒன்றுமே கிடையாது. சக்தியெல்லாம் கம்பியிலிருந்து 42, 43 டிகிரி கோணத்தில் நான்கு இதழ்களாகப் பிரிந்து போய்விடுகிறது. அந்த இதழ்களில்கூடக் கெயின் மூன்றரை டிபிஐயைத் தாண்டுவதில்லை.

இப்போது கம்பியை நடுவில் மடக்கி விரிந்த கவட்டை மாதிரி வையுங்கள். நடுத்துண்டு கவட்டையின் அடியில், ஓரத்துண்டுகளை விட்டுத் தள்ளி நிற்கிறது. அங்கிருந்து கிளம்பும் அலை ஓரத்துண்டுகளின் வரிசைக்கு வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகிறது. அந்தத் தாமதத்தில், எதிர்த்து நின்றது ஒத்துப்போக ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு காலும் முக்கால் அலைநீளமாக இருக்கும்போது இரண்டு கால்களுக்கும் நடுவே 113 டிகிரி வைத்தால் பலன் உச்சத்துக்கு வருகிறது. கவட்டையின் நடுக்கோட்டுத் திசையில் 5.2 டிபிஐ அளவுக்குக் கெயின் கிடைக்கும். நேராகக் கட்டியதோடு ஒப்பிட்டால் அதே திசையில் ஏறக்குறைய மூன்று மடங்கு சக்தி. சாதாரண டைபோலோடு ஒப்பிட்டால் இரண்டு மடங்கு. 50 வாட்டில் பேசுபவருக்கு 100 வாட் கையில் வந்த மாதிரி, அதுவும் கேட்கும் பக்கத்துக்கும் சேர்த்து.

இந்த வடிவத்தை இன்னும் செதுக்க முடியும். ஜெர்மானியப் பொறியாளர் லாண்ட்ஸ்டார்ஃபர் 1976இல், ஒன்றரை அலைநீளக் கம்பியை நேர்க்கால்களாக வைக்காமல் நடுவில் மேடு எழும்பி ஓரங்களில் படிந்து போகும் வளைவாக அமைத்தால் கெயின் மேலும் கூடும் என்று காட்டினார். அலைநீளம் சிறியதான விஎச்எஃப்பில் (145 மெகாஹெர்ட்ஸ் போன்றவை) அலுமினியக் கம்பியை அப்படி வளைப்பது எளிது. 10 மீட்டர் பேண்டில் 15 மீட்டர் கம்பியை அப்படி நிறுத்தக் கூடுதல் தூண்கள் வேண்டும். முதல் முறை கட்டுபவர் கவட்டையோடு நிறுத்திக்கொள்வதுதான் சரி என்பேன்.

1.25 அலைநீளத்துக்கு நேராகக் கட்டும் எக்ஸ்டெண்டட் டபுள் செப் ஆன்டெனாவும் இதே அளவு கெயின் தரும். ஆனால் அதன் ஃபீட் இடத்தில், அதாவது கேபிள் சேரும் நடுப்புள்ளியில், மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) கோஆக்ஸ் கேபிளோடு ஒத்துப்போகாது. ஓப்பன் வயர் லைன், டியூனர் என்று வேலை நீளும். ஒன்றரை அலைநீளத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. நடுவில் 100 ஓமுக்குப் பக்கத்தில் இருக்கும், அதைச் சமாளிப்பது சுலபம். புதியவர்களுக்கு நான் கவட்டையைச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு குழப்பத்தை மட்டும் இங்கேயே தீர்த்துவிடலாம். இன்வர்டெட் வி என்று எல்லோரும் கட்டுகிறார்களே, நடுவில் உயரமான கம்பம், இரண்டு முனையும் கீழே சரிந்து, அது வேறு. இந்தக் கவட்டை தரைக்கு இணையாகப் படுத்திருக்க வேண்டும். மேலேயிருந்து பருந்து பார்த்தால் அதன் கண்ணுக்கு வி தெரிய வேண்டும்.

அளவுகள்

மொத்தக் கம்பி நீளம் மீட்டரில்: 442.5ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்துக்கொள்ளுங்கள். 28.4 மெகாஹெர்ட்ஸுக்கு 15.6 மீட்டர், அதாவது ஒரு காலுக்கு 7.8. 21.2 மெகாஹெர்ட்ஸுக்கு 20.9 மீட்டர். 145 மெகாஹெர்ட்ஸுக்கு 3.05 மீட்டர்.

113 டிகிரியை மாடியில் கோணமானி வைத்து அளக்க முடியாது, தேவையும் இல்லை. கம்பியின் மொத்த நீளத்தை ஆறு பங்காக்கினால், முனைக்கு முனை இடைவெளி ஐந்து பங்கு. இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும், கோணம் தானாக 113க்கு வந்துவிடும். 15.6 மீட்டர் கம்பிக்கு முனைக்கு முனை 13 மீட்டர்.

13 மீட்டர்! 30×40 மாடியின் மூலைவிட்டம் 15.2. ஆக, நேராக வைத்தால் மாடியில் அடங்காத அதே கம்பி, கவட்டையாக வைத்தால் இரு முனையிலும் கயிற்றுக்கு ஒரு மீட்டர் மிச்சம் வைத்து உள்ளேயே அடங்கிவிடுகிறது. செட்பேக் விட்டுக் கட்டிய மாடி கொஞ்சம் சிறியதாக இருக்கும். மூலைவிட்டம் 14 மீட்டருக்குக் குறையாமல் இருந்தால் கவலை இல்லை.

திசை

இந்தப் பகுதியில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன், எனக்கு அதிகச் சந்தோஷம் கொடுத்ததும் இதுதான்.

வடக்கைப் பூஜ்யமாக வைத்து வலச்சுற்றாக அளந்தால், பெங்களூரிலிருந்து லண்டன் 320 டிகிரியில் இருக்கிறது. மும்பை 324 டிகிரி. அதற்கு நேர் எதிரில், 142 டிகிரியில் ஆஸ்திரேலியாவின் பெர்த். கவட்டை ஆன்டெனா நடுக்கோட்டின் இரண்டு பக்கமும் அனுப்பும், எனவே இந்த எதிரெதிர் ஜோடி நமக்குக் கிடைத்த வரம். இப்போது கிழக்குப் பார்த்த 30×40 வீட்டைப் பாருங்கள். 40 அடி கிழக்கு மேற்காக, 30 அடி தெற்கு வடக்காக ஓடுகிறது. கன்னி மூலையிலிருந்து ஈசானிய மூலைக்கு ஒரு கோடு போட்டால் அது 53 டிகிரியில் போகும். அதற்குச் செங்குத்து 323, 143. மனை பிரித்தவர்கள் நமக்காகவே பிரித்துக் கொடுத்த மாதிரி இருக்கிறது.

அதனால் கிழக்குப் பார்த்த வீட்டுக்காரர் முனைகளைக் கன்னி மூலையிலும் ஈசானிய மூலையிலும் கட்டலாம். கவட்டையின் அடி அக்னி மூலைப் பக்கம் தள்ளி வரும், மூலைவிட்டத்தின் நடுப்புள்ளியிலிருந்து 4.3 மீட்டர் தூரம். முழு 30×40 அளவில் கணக்குப் போட்டால் தெற்குச் சுவரிலிருந்து ஒரு மீட்டர், கிழக்குச் சுவரிலிருந்து மூன்றரை மீட்டர். திறந்த வாய் வாயு மூலையைப் பார்க்கும். திறந்த பக்கம் ஒரு துளி கூடுதலாகப் போகும் என்பதால் ஐரோப்பாவை அந்தப் பக்கம் வைத்தேன்.

வடக்குப் பார்த்த வீடென்றால் இதே மூலைவிட்டம் 307க்கும் 127க்கும் திரும்பிவிடும். ஐரோப்பாவுக்குப் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் அந்த வீட்டில் அக்னி மூலைக்கும் வாயு மூலைக்கும் நடுவே கட்டிப் பாருங்கள்: 53 டிகிரியும் 233 டிகிரியும் கிடைக்கும். டோக்கியோ 56 டிகிரி, ஜோகன்னஸ்பர்க் 231 டிகிரி. காலையில் ஜப்பான், மாலையில் ஆப்பிரிக்கா என்று முயற்சி செய்யலாம்.

காந்த ஊசியை மாடியில் வைத்துப் பார்க்காதீர்கள். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி அதை இழுத்துவிடும். செயற்கைக்கோள் வரைபடத்தில் உங்கள் வீட்டின் சுவர் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வதே மேல். எங்கள் சுவரே வடக்கிலிருந்து நாலு டிகிரி திரும்பியிருந்தது. இந்த ஆன்டெனாவுக்கு நாலு டிகிரி பெரிய விஷயம் இல்லை.

சென்னையோடு பேசுவதற்கு இது உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நேர்க்கோட்டில் 300 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊர், 28 மெகாஹெர்ட்ஸ் அலை வானத்தில் பட்டுத் திரும்பி இறங்கும்போது தாண்டிப்போகும் தூரம். அதற்கு 40 மீட்டர் பேண்டும் தாழ்வான டைபோலும்தான்.

வாங்க வேண்டியவை

கம்பிக்கு வீட்டு வயரிங் ஒயரே போதும், ஒன்றரை ஸ்கொயர் எம்எம், பல இழைச் செம்பு. எங்கள் தெரு ஹார்டுவேர் கடை அண்ணாச்சி 16 மீட்டர் வெட்டித் தரமாட்டேன் என்றார். "முழுக் காயிலா எடுத்துக்கோங்க தம்பி, மீதிய வீட்டு வேலைக்கு வெச்சிக்கலாம்." அவர் சொன்னதும் நல்லதுதான், மீதியில் இன்னும் நாலு ஆன்டெனா ஆயிற்று.

கோஆக்ஸ், கனெக்டர் எல்லாம் பெங்களூர் எஸ்.பி. ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். ரேடியோ வரைக்கும் 50 ஓம் கேபிள், அது தவிர 75 ஓம் கேபிள் மூன்று மீட்டர். எதற்கென்று கீழே சொல்கிறேன். கம்பத்துக்கு கன்டோன்மென்ட் பக்கம் பேம்பூ பஜாரில் நல்ல கழிகள் கிடைக்கும். முனைகளுக்கு மூங்கில் இரும்பைவிட நல்லது. கவட்டையின் அடிக்கு மட்டும் ஒன்றரை அங்குல ஜிஐ பைப் வைத்தேன், கோஆக்ஸின் எடையைத் தாங்குவது அதுதான். இன்சுலேட்டருக்குப் பிவிசி பைப் துண்டில் இரண்டு ஓட்டை போட்டால் ஆயிற்று. கயிறு மட்டும் வெயில் தாங்குவதாகப் பாருங்கள். சாதாரண நைலான் கயிறு மாடி வெயிலில் பொடிந்து போகும்.

கட்டுவது

முதலில் தரையிலேயே, மாடித் தளத்தில் சாக்பீஸால் மூன்று புள்ளிகளையும் குறித்துவிடுங்கள். முனைக்கு முனை 13, ஒவ்வொரு முனையிலிருந்தும் அடிக்கு 7.8. மூன்றும் சரியாக வந்தால்தான் கம்பத்தை நட வேண்டும்.

ஒவ்வொரு காலுக்கும் 8 மீட்டர் வெட்டுங்கள். பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியில் அலை கொஞ்சம் மெதுவாகப் போவதால் கடைசியில் 7.6 பக்கம் வந்து நிற்கும். மிச்சத்தை உடனே வெட்டாமல் முனையில் மடக்கித் தன் மேலேயே முறுக்கி வையுங்கள். மடக்கிய பகுதி நீளக் கணக்கில் பெரும்பாலும் சேராது, வேண்டும்போது திரும்ப விரிக்கலாம்.

உயரம் எவ்வளவு? தளத்திலிருந்து 4 மீட்டராவது. தளத்தின் கம்பிவலை தரையைப் போல நடந்துகொள்ளும், அதற்கு மிக அருகில் வைத்தால் அலை மேலே பார்த்துப் போய்விடும். இரண்டு மாடி வீட்டின் மேல் 4 மீட்டர் கம்பம் என்றால் தெருவிலிருந்து 11 மீட்டர், அதாவது ஓர் அலைநீளம். அந்த உயரத்தில் அலை 14 டிகிரி பக்கம் தாழ்ந்து கிளம்பும், தூரத்துக்கு அதுதான் வேண்டும்.

கன்னி மூலையில் பெரும்பாலும் தண்ணீர்த் தொட்டி இருக்கும். தொட்டி ஸ்டாண்டில் கட்டலாம், ஆனால் இரும்புக்கும் கம்பி முனைக்கும் நடுவே ஒரு மீட்டர் கயிறாவது இருக்கட்டும். ஒலிபரப்பும்போது முனைகளில் மின்னழுத்தம் அதிகம். துணி காயப்போட வருபவர்கள், குழந்தைகள் யாருக்கும் கை எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். தெருக் கம்பத்து மின்சார ஒயருக்கு மேலேயோ அருகிலேயோ ஆன்டெனா ஒயர் போகவே கூடாது. கம்பம் சாய்ந்தால் எங்கே விழும் என்று யோசித்துவிட்டு நடுங்கள்.

100 ஓமை 50 ஆக்குவது

50 ஓம் கோஆக்ஸை நேராகப் போட்டால் எஸ்டபிள்யூஆர் 2 பக்கம் நிற்கும். நடுவில் கால் அலைநீள 75 ஓம் கேபிளைச் சேர்த்தால் அது இரண்டுக்கும் பாலமாகிவிடும்: 75ஐ 75ஆல் பெருக்கி, ஆன்டெனாவின் மின்மறுப்பான 105ஆல் வகுத்தால் சுமார் 54 ஓம்.

28.4 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் 2.64 மீட்டர். கேபிளுக்குள் அலை மெதுவாகப் போவதால் அதைக் கேபிளின் வேக விகிதத்தால் பெருக்க வேண்டும். உள்ளே திடமான பாலிஎத்திலீன் என்றால் 0.66, நீளம் 1.74 மீட்டர். மெத்தென்ற வெள்ளை ஃபோம் என்றால் 0.8க்கு மேல் இருக்கும். நானோவிஎன்ஏ என்னும் சின்ன ஆன்டெனா அளவுக் கருவி இருந்தால் ஊகமே வேண்டாம். கேபிளின் ஒரு முனையைச் சும்மா விட்டுவிட்டு மறுமுனையில் அளந்தால், மின்மறுப்பு பூஜ்யத்துக்குப் பக்கம் இறங்கும் முதல் அதிர்வெண்ணில் அந்தத் துண்டு கால் அலைநீளம். கொஞ்சம் நீளமாக எடுத்து, 28.4 வரும்வரை நறுக்கிக்கொண்டே வாருங்கள்.

திடமான வகைக் கேபிள் என்றால் இந்தத் துண்டையே 10 சென்டிமீட்டர் விட்டத்தில் ஐந்து சுற்றுச் சுற்றி ஃபீட் இடத்தில் கட்டுங்கள், சோக்காகவும் வேலை செய்யும். ஃபோம் கேபிளை இவ்வளவு இறுக்கமாகச் சுற்றக் கூடாது, நடுக்கம்பி நகர்ந்துவிடும். அதற்குப் பதில் 50 ஓம் கேபிளில் ஏழெட்டுச் சுற்று வையுங்கள். சோக் இல்லாவிட்டால் கோஆக்ஸின் வெளிப்புறமும் ஆன்டெனாவாகி, பாடுபட்டு அமைத்த வடிவம் குழம்பும். சேருமிடங்களில் தண்ணீர் புகாமல் டேப் சுற்றுவதை மறக்காதீர்கள்.

அப்புறம் அளந்து பாருங்கள். எஸ்டபிள்யூஆர் குறையும் இடம் 28.4க்குக் கீழே இருந்தால் கம்பி தேவைக்கு மேல் நீளமாக இருக்கிறது. ஒவ்வொரு காலிலும் 10 சென்டிமீட்டர் மடக்கினால் சுமார் 350 கிலோஹெர்ட்ஸ் மேலே ஏறும். இரண்டு காலையும் ஒரே அளவு மடக்க வேண்டும்.

ஏப்ரல், மே மாத மாலை இடிமழை பெங்களூருக்கு வாடிக்கை. வானம் இருட்டினால் கோஆக்ஸை ரேடியோவிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே விட்டுவிடுங்கள். கம்பத்துக்கு எர்த் இருக்கட்டும். ஒலிபரப்புவதற்கு முன் உங்கள் உரிமத்தில் என்ன பேண்டு, எவ்வளவு வாட் என்று பார்த்துக்கொள்ளுங்கள். விஎச்எஃப்பில் மட்டும் இருப்பவர்கள் 145 மெகாஹெர்ட்ஸ் அளவில் இதையே செய்யலாம். எஃப்எம்மில் செங்குத்து அலைதான் வழக்கம் என்பதால் கவட்டையை நிமிர்த்தி, ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே என்று வைக்க வேண்டும். முனைக்கு முனை இரண்டரை மீட்டர், ஒரே மூங்கிலில் அடங்கும்.

காதால் சோதிப்பது

பழைய அரை அலைநீள டைபோலைக் கழற்றிவிடாதீர்கள். அதையும் அதே திசைக்கு, அதே உயரத்தில் வைத்து, ஒரு சுவிட்ச் போட்டு மாற்றி மாற்றிக் கேளுங்கள். 3 டெசிபெல் என்பது ரேடியோவில் சிக்னல் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டரில் அரைப் புள்ளிதான், சிக்னல் ஏறி இறங்கும்போது அது ஒளிந்துகொள்ளும். ஒரு முறை பார்த்து முடிவு செய்யாமல் பத்து நாள் எழுதி வையுங்கள்.

அதற்கு 28.200 மெகாஹெர்ட்ஸ் நல்ல இடம். உலகம் முழுவதும் பதினெட்டு பீக்கன்கள் (சோதனைக்காகத் தானாகவே சிக்னல் அனுப்பும் நிலையங்கள்), ஆளுக்கு 10 விநாடி என்று மூன்று நிமிடத்துக்கு ஒரு சுற்று வரும் ஏற்பாடு அங்கே நடக்கிறது. ஒவ்வொன்றும் தன் கால் சைனை மோர்ஸில் அனுப்பிவிட்டு நான்கு நீண்ட ஒலிகளைத் தரும். முதலாவது 100 வாட், அடுத்தது 10, அடுத்தது 1, கடைசியாக பத்தில் ஒரு வாட். நமக்கு நேர் திசையில் இருப்பது மேற்கு ஆஸ்திரேலியாவின் விகே6ஆர்பிபி.

கவட்டை ஏறிய முதல் வாரம், காலை ஒன்பது மணி வாக்கில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா மாடியில் வடகம் பிழிந்துகொண்டிருந்தார். பழைய டைபோலில் இரண்டு ஒலி, மூன்றாவது இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம். அடுத்த சுற்றில் சுவிட்சைத் திருப்பினேன். மூன்றாவது ஒலி, ஒற்றை வாட், இரைச்சலுக்கு மேலே தனியாக நின்றது. அடுத்த மூன்று நிமிடம் காத்திருந்து மறுபடி கேட்டேன். அப்போதும் இருந்தது. நோட்டில் நேரம் போட்டுக் குறித்துவிட்டு, நான்காவது கேட்கிறதா என்று ஹெட்ஃபோனை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.